தமிழ் பேசாத தமிழங்க வீட்ல ஒரு போகி

"பாட்டி, இலையில இதெல்லாம் யாருக்கு?"ன்னு கேட்டேன். நெத்தியில விபூதி, உடுத்தியிருக்கறது மலாய்க்காரங்க கட்டற சாரோங் கெபாயா, பின்னால சாமி மேடையில பிள்ளையார். பாட்டி சிரிச்சுட்டு, "தமிழ் தெரியாது தம்பி, மலாய்ல கேளு"ன்னு மலாய்லயே சொன்னாங்க. இவங்களைப் பத்தி படிச்சுட்டுதான் போயிருந்தேன், இருந்தாலும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மலேசியாவுல மலாக்கா ஊரு, காஜா பெராங்ல இருக்கற செட்டி கம்பம் இது, கம்பம்னா கிராமம். கோலாலம்பூர்ல இருந்து பஸ்ல ரெண்டு மணி நேரம்தான், இத்தனை வருஷமா மலாக்கான்னா செண்டோல், ஜோங்கர் ஸ்ட்ரீட்னு சுத்திட்டு திரும்பியிருக்கேன். இங்க இருக்கற மலாக்கா செட்டிங்களோட முன்னோருங்க 15ஆம் நூற்றாண்டுல சுல்தான் காலத்துல வியாபாரத்துக்கு வந்த தமிழங்க, இங்கேயே பொண்ணு கட்டி தங்கிட்டாங்க. 1511ல போர்த்துகீஸ்காரன் வந்தான், 1641ல டச்சுக்காரன், அப்புறம் வெள்ளைக்காரன், இவங்க பாட்டுக்கு இருந்தாங்க. வட்டிக்கடை நாட்டுக்கோட்டை செட்டியாருங்க வேற, அவங்க ரொம்ப பின்னாடி வந்தவங்க, இதை மட்டும் குழப்பிக்காதீங்க. எங்க தாத்தாங்க ரப்பர் தோட்டத்துக்கு வந்ததே இவங்களுக்கு சுமார் 400 வருஷம் கழிச்சுதான்.

பாஷை மலாயாயிடுச்சு, ஆனா சாமி மாறல. அம்மன் திருவிழாவுக்கு இவங்க சொல்ற பேரு டத்தோ சாச்சார், சாச்சார்னா அம்மை! நம்மாளுங்க மாரியம்மாவை அம்மையோட சேர்த்துதானே கும்பிடறோம், அதை அப்படியே மலாய்ல தூக்கி வச்சிருக்காங்க. போகியன்னிக்கு செத்துப்போனவங்களுக்கு படைக்கறதுக்கு பேரு பர்ச்சு. நம்ம 'படைச்சு'தான் அப்படி ஆயிருக்குமோன்னு எனக்கு ஒரு நெனப்பு, சும்மா என் யூகம்தான். வாழை இலையில நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு), சம்பல், குவே பலகாரம் எல்லாம் வச்சு, சாம்பிராணி போட்டு, கும்பிட்டு முடிச்சதும் எல்லாரும் ரூமை விட்டு வெளிய வந்துட்டாங்க, செத்தவங்க நிம்மதியா சாப்பிடட்டும்னு. வெளிய நின்னுட்டு இருந்தப்ப யாரும் போனைக் கூட எடுக்கல.

அப்பதான் பாட்டியோட மகன் விண்ணப்ப பாரம் பத்தி பேச்செடுத்தாரு. எந்த பாரம் எடுத்தாலும் மலாய், சீனா, இந்தியா, டான் லாயின்-லாயின், அதாவது 'மற்றவங்க'. அவரு சர்டிபிகேட்ல இந்தியான்னு இருக்கு, ஆபீஸ்ல இந்தியருங்க "தமிழ் பேசத் தெரியாதா"ன்னு சிரிப்பாங்களாம், மலாய்க்காரங்க "நீ கோயிலுக்குப் போறவனாச்சே"ம்பாங்களாம். பூமிபுத்ரா, அதாவது மண்ணின் மைந்தர்ங்கற அந்தஸ்து வேணும்னு இவங்க ரொம்ப நாளா கேட்டுட்டுதான் இருக்காங்க. எனக்கு கோவம் வந்துச்சு, அப்புறம் ஸ்கூல்ல நானே ஒருத்தனை அப்படி சிரிச்சது ஞாபகம் வந்துச்சு, கம்முன்னு ஆயிட்டேன்.

சாயங்காலம் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் நடந்தேன். 1781ல கட்டின பொய்யாத விநாயகர் கோயில், அதே வரிசையில கம்போங் கிளிங் மசூதி, கொஞ்சம் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில். கிளிங்னா இந்தியருங்களைச் சொல்ற பழைய பேரு, இன்னிக்கு அது வசவு, யாராவது நம்மளை அப்படிக் கூப்பிட்டா சண்டைதான், மசூதி பேர்ல என்னவோ அது சாதுவா உக்காந்திருக்கு.

மத்தியானம் சாப்பிடறப்ப பாட்டி ஒண்ணு கேட்டிருந்தாங்க: "உங்க வீட்ல படைக்கறப்ப யார் யார் பேரு சொல்லுவீங்க?" தாத்தா பேரு சொன்னேன். தாத்தாவோட அப்பா? தெரியல. அவங்க நாலு தலைமுறை கடகடன்னு சொன்னாங்க, எல்லாம் தமிழ் பேரு, மலாய் உச்சரிப்புல. திரும்பற பஸ்ல இருந்து அம்மாவுக்கு போன் போட்டு கேட்டேன்.

"எதுக்குடா இப்ப அது? சாப்டியா?"ன்னாங்க.