மஞ்சள் சட்டமும் காப்பி டப்பா ரொட்டியும்

ஆகஸ்ட் மாதம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் சான் பிரான்சிஸ்கோ போய்விடாதீர்கள். நான் போனேன். ஹெய்ட் தெருவில் 7-ஆம் நம்பர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பனிமூட்டம் பல்லை கிட்டிக்க வைத்தது. ஹிப்பிகள் வாழ்ந்த பேட்டை என்று பேர். இப்போது கண்ணில் படுவதெல்லாம் பழைய துணிக்கடைகளும், சாயம் தெறித்த பனியன்களும்தான். கிரேட்ஃபுல் டெட் ராக் இசைக் குழுவினர் குடியிருந்த ஆஷ்பரி தெரு 710-ஆம் எண் வீட்டு வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். சரி, கிளம்பலாம் என்று திரும்பியபோது மின்கம்பத்தில் ஒரு தாள்: அறுபதுகளைப் பற்றி ஒரு பெண்மணி தனியாளாக நடத்தும் பாட்டு நிகழ்ச்சி, இரவு ஏழரைக்கு.

அறுபது மடக்கு நாற்காலி போட்ட சின்னக் கூடம். எழுபதைத் தாண்டியவர், கையில் கிடார், கழுத்துக் கம்பியில் மவுத் ஆர்கன், வலது காலில் சின்ன டாம்பரின். பாட்டு, நடுவில் கதை, கதைக்குள் நாலு பேர் குரல், மறுபடி பாட்டு. காலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உத்தி பழசு. சிப்ளாக்கட்டை காலுக்கு இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

பூ, காதல், போதை என்று தொடங்கியதில் எனக்குக் கொட்டாவி வந்தது உண்மை. டிக்கர்ஸ் கூட்டத்தின் கதைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1966-67இல் இந்தப் பேட்டையில் தினமும் மாலை நாலு மணிக்கு இலவசமாகச் சாப்பாடு போட்டவர்கள் அவர்கள். சந்தையில் கேட்டு வாங்கிய காய்கறியில் குழம்பு. வாங்க வருகிறவர்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மஞ்சள் மரச்சட்டத்துக்குள் புகுந்து வர வேண்டும். ரொட்டி சுடத் தட்டு இல்லாததால் காலி காப்பி டப்பாவில் மாவை ஊற்றிச் சுடுவார்களாம். மேடையின் பின்னால் அதே போல ஒரு சட்டம் நின்றது. இடைவேளையில் எங்களை வரிசையாக அதற்குள் நுழைய வைத்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். வட்டமான கோதுமை ரொட்டி. ஓரத்தில் டப்பாவின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன. கொஞ்சம் உப்பு தூக்கல்.

இரண்டாம் பாதியில் கிடாரைக் கீழே வைத்துவிட்டார். ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் நீலக் குப்பிகள். 1969 டிசம்பர் 1 அன்று வியட்நாம் போருக்கு யாரைக் கூப்பிடுவது என்று பிறந்த தேதிகளைக் குலுக்கி எடுத்தார்களே, அது. பாட்டு இல்லை, இசை இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார்: செப்டம்பர் 14. ஏப்ரல் 24. டிசம்பர் 30. எனக்குப் பக்கத்து நாற்காலிப் பெரியவர் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “என் நம்பர் 201” என்றார். பிறந்த தேதி குலுக்கலில் எத்தனையாவதாக வந்ததோ அதுதான் நம்பர்; 195 வரைதான் கூப்பிட்டார்களாம். “எங்கே நிறுத்துவார்கள் என்று அடுத்த வருஷம் பூராவும் தெரியாது.” அப்புறம் அவர் பேசவில்லை.

வுட்ஸ்டாக் இசை விழாவின் கதைக்கு வந்தபோது ஒரு காவித் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவாமி சச்சிதானந்தர் ஆனார். 1969இல் அந்தக் கூட்டத்தை வாழ்த்திப் பேசியவர், கோவைப் பக்கம் செட்டிபாளையத்துக்காரர். தலையை ஆட்டி ஆட்டி மேடையில் அந்தப் பெண்மணி பேசிய ஆங்கிலம் எந்த ஊருடையதோ! கூடத்தில் சிரிப்பு. எனக்கு ஒட்டவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஆளைத் தேடிப் பிடித்துக் குரல் கொடுத்தவர், இவருக்கு மட்டும் சினிமா இந்தியர் குரல் போதும் என்று விட்டுவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் போய்ச் சொன்னேன். செட்டிபாளையம் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி என்றும் சொன்னேன். முகம் சுருங்குமோ என்று பார்த்தேன். கிடாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவர், ஊர் பேரை மறுபடி சொல்லச் சொன்னார். ‘ட்டி’யில் மூன்று தரம் தடுக்கினார். நாலாவது தரம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. மிச்சமிருந்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். பஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று. அந்தக் குளிருக்கு அதைத் தின்றே முடித்தேன்.