பர்மாவில் இறந்த சின்னத் தாத்தாவைப் பதிவேட்டில் தேடியது

தாத்தாவின் தம்பி, ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய் அங்கேயே இறந்தார். வீட்டில் மிஞ்சியது படைப்பிரிவிலிருந்து வந்த ஓர் ஆங்கிலக் கடிதம் மட்டும்தான். தேதி இருந்த ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் இத்தனை வருஷமும் மகாளய அமாவாசையில்தான் அவருக்கும் சேர்த்துத் திதி கொடுத்துவந்தோம். உடலை எரித்தார்களா, புதைத்தார்களா, காட்டிலேயே விட்டுவிட்டு முன்னேறினார்களா என்று யாருக்கும் தெரியாது. அவருடைய அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அத்தை சொல்வார்.

இப்படி யாரையாவது தேடுகிறவர்கள் முதலில் போகவேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளம். 1917-இல் தொடங்கிய அமைப்பு அது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகள் அவர்களிடம் இருக்கின்றன. தேடக் கட்டணம் இல்லை.

ஆனால் நம் ஆட்களைத் தேடுவது கொஞ்சம் படுத்தும். குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். நம்மவர்களுக்கு இருப்பதோ ஒரே பெயர். அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில்தான் போடவேண்டும். அப்புறம் எழுத்துக்கூட்டல். ‘சாமி’ என்று முடியும் பெயரை ஓர் எழுத்தர் ‘ஸ்வாமி’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் வேறு மாதிரி. முழுப் பெயரை அடிப்பதைவிட முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து, ‘இந்திய ராணுவம்’, ‘இரண்டாம் உலகப் போர்’ என்று வடிகட்டுவது மேல். அப்படியும் ஒரே பெயரில் ஏகப்பட்ட பேர் வந்து நின்றார்கள். கடைசியில் கை கொடுத்தது கடிதத்தில் இருந்த படை எண், அதாவது ராணுவத்தில் அவருக்குக் கொடுத்திருந்த எண். அதைப் போட்டதும் ஒரே ஒரு பதிவு. வீட்டில் பழைய கடிதமோ ஓய்வூதியத் தாளோ இருந்தால் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். பெயரை நம்பி இறங்கவேண்டாம்.

பதிவில் இருந்தது இவ்வளவுதான்: சாப்பர், வயது 22, இறந்தது 1945 மார்ச் 22, தௌக்யான் தகன நினைவுச்சின்னம்.

அந்தக் கடைசி வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். ரங்கூனுக்கு வடக்கே தௌக்யானில் பெரிய போர்க் கல்லறை இருக்கிறது. அங்கே உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில், கல்லறை எங்கே என்றே தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சின்னத் தாத்தாவும் அதில்தான் இருப்பார் என்று நினைத்திருந்தேன். தகன நினைவுச்சின்னம் தனி. அவரவர் சமய முறைப்படி எரியூட்டப்பட்டவர்களுக்கானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள்.

அத்தைக்குப் போன் செய்து சொன்னேன். “அப்போ சித்தப்பாவுக்கு யாரோ கொள்ளி வெச்சிருக்காங்கடா” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அடுத்த நாள் அவரே கூப்பிட்டு, தேதி கிடைத்ததால் திதியைக் கணித்துவிடலாமே என்றார். பங்குனி மாதம், வளர்பிறை. பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் ஒருவரிடம் சரியான திதியைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். இனி அவருக்குத் தனியாகவே கொடுப்போம்.

பதிவுப் பக்கத்திலிருந்தே ஒரு நினைவுச் சான்றிதழை இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். அத்தை அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. தகப்பன் பெயர், ஊர் வரவேண்டிய இடம் காலியாக இருந்ததுதான் உறுத்தியது. இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் பலருக்கு ‘இன்னாரின் மகன், இன்ன ஊர்’ என்று நிறைவாக இருக்கும். முதல் உலகப் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர்கள் பலருக்குச் சமமான நினைவிடம் அமையவில்லை, குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லி நினைவிடமே இல்லாமல் போயிருக்கலாம் என்று 2021-இல் ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. சின்னத் தாத்தாவுக்குப் பெயராவது இருக்கிறது.

விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஆதாரம் வேண்டும். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘போரில் காலமான இளைய குமாரன்’ என்று அவர் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் இருந்தன. அதன் நகலையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும், படை எண் தெரியும்படி அந்தக் கடிதத்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவேண்டும்.