முரணை வைத்து எழுதிப் பார்த்தது: மூன்று வாரக் குறிப்பு

முதல் வாரம். எடுத்துக்கொண்டது செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு. கணக்கு: 10 நிமிடத்தில் 20 முரண் இணைகள். முதல் ஏழெட்டு எப்படியும் ஒளி-இருள், செல்வம்-வறுமை என்றுதான் வரும், அவற்றை அடித்துவிடலாம். கை தயங்க ஆரம்பித்த பிறகு வருபவைதான் உதவும்: பர்மா தேக்கு-பிளாஸ்டிக் நாற்காலி, சாவி வைத்திருப்பவர்-பத்திரம் வைத்திருப்பவர், பந்திப்பாய்-தூக்குச்சட்டி. குணத்தை விட்டுப் பொருளைப் பிடிக்க வேண்டும்.

முதல் வரைவு கெட்டது. "வெளியே ஆடம்பரம், உள்ளே வெறுமை." இது சுவரொட்டி வாசகம். முரணின் பெயரையே சொல்லிவிட்டால் வாசிப்பவர் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? திருத்தியது: "வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் பந்திப்பாய் விரித்தால் நூறு பேர் உட்காரலாம். மதியம் காவல்காரருக்கு ஒரு தூக்குச்சட்டி வருகிறது." நடுவில் 'ஆனால்' போட்டுப் பாருங்கள், சப்பென்று ஆகிவிடும்.

இரண்டாம் வாரம் முரண் தொடை, அதாவது செய்யுளில் எதிர்ச்சொற்களைத் தொடுக்கும் முறை. நாற்சீர் அடியில் எதிர்ச்சொற்கள் 1, 2ஆம் சீர்களில் நின்றால் இணை. 1, 3இல் பொழிப்பு. 1, 4இல் ஒரூஉ. "பெரிய வீடு சிறிய சாவி" பொழிப்பு. படம் கிடைக்கிறது, அத்தோடு சரி. "பழைய பூட்டுக்கு எண்ணெய் புதிது" ஒரூஉ. இங்கே இடையில் கிடக்கும் இரண்டு சீருக்குள் 'யார் வந்து போனது?' என்ற கேள்வி நுழைந்துவிடுகிறது. கதைக்கு வேண்டியது இந்தத் தூரம்தான். உரைநடையிலும் எதிர்ப்பொருளை அடுத்த வரியிலேயே வைக்காமல் நான்கைந்து வாக்கியம் தள்ளி வைத்தால் பிடிக்கிறது. ரொம்பத் தள்ளினால் முதல் பொருள் மறந்துபோகும். நடுவில் ஒருமுறை அதைத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வாரம், ஒரே பொருளுக்குள் முரண்: செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் சட்டம் வைத்து முதலில் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள், அதன்மேல் மணலும் சிமெண்டும். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. நாம் மிதிக்கப்போகும் பளபளப்பான முகம் கண்ணாடியில் கவிழ்ந்து கிடக்க, செய்பவர் கண்ணுக்குத் தெரிவது கல்லின் முதுகு மட்டும்.

இதை 150 சொல்லில், 'தலைகீழ்' என்ற சொல் இல்லாமல் எழுத வேண்டும். முகத்துக்கு 75, முதுகுக்கு 75 என்று பிரித்ததில் தராசு போல அசையாமல் நின்றுவிட்டது. இப்போது முதுகுக்கு 110, முகத்துக்குக் கடைசி 40. கண்ணாடியிலிருந்து கல்லை உரித்தெடுக்கும் வரி மட்டும் இன்னும் நீளமாக இருக்கிறது.