நெல் பணத்துக்குக் காத்திருந்தபோது வந்த மெசேஜ்

கோட்டூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒன்பது மா, ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலம். 2025 தை கடைசியில் சம்பா அறுத்து, அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் 150 சிப்பம் (மூட்டை) போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தார். போன் சத்தம் போட்டாலே எடுத்துப் பார்ப்பார். அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் அது வந்தது, வங்கியின் சின்னத்தோடு: ஆதார் புதுப்பிக்காததால் உங்கள் கணக்கு இன்று இரவு முடக்கப்படும், கீழே உள்ள ஆப்பைப் போடவும்.

கணக்கு முடங்கினால் நெல் பணம் எங்கே வந்து விழும்? அந்தப் பயத்தில் போட்டுவிட்டார். அப்பாவை யாரும் பேராசைக்காரர் என்று சொல்ல முடியாது, ஏமாளியும் இல்லை. "இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசவும்" என்று முன்பு ஒன்று வந்தபோது, நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறைதானே பில், போன வாரம்தானே கட்டினேன் என்று தூக்கிப் போட்டவர்தான். இந்த மெசேஜ் மட்டும் அவர் எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாரோ அதே வேஷத்தில் வந்துவிட்டது.

நான் மன்னார்குடியில் இருக்கிறேன். சாயங்காலம் போன் வந்தது. "ஏம் பாப்பா, பேங்க்ல அனுப்புனாங்கன்னு ஒரு ஆப்பு போட்டேன், விவரமெல்லாம் கேட்டுச்சு, குடுத்தேன், இப்ப அந்த ஆப்பையே காணும்" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஐகான் மறைந்துபோனால் ஆப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே ஒளிந்துகொண்டு வருகிற ஓடிபியை எல்லாம் படித்து மோசடிக்காரனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். உடனே நெட்டை அணைத்து, சிம்மைக் கழற்றச் சொன்னேன். கழற்றிவிட்டு சித்தப்பா போனிலிருந்து பேசினார். அதற்குள் பதினொரு நிமிடத்தில் மூன்று தடவையாக அறுபதாயிரம் போயிருந்தது. ஆள் கூலிக்கென்று நகையை வைத்து வாங்கிய பணம் அது.

அடுத்து வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசி, கணக்கிலிருந்து எதுவும் வெளியே போகாதபடி நிறுத்தினோம். அதே மூச்சில் 1930, சைபர் மோசடிக்கான புகார் எண். தயவுசெய்து இந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை, மூன்றாவதில் எடுத்தார்கள். கணக்கு எண், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, ஒவ்வொன்றின் பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். அப்பாவுக்குப் பதற்றத்தில் எதுவும் சொல்ல வரவில்லை, வங்கி ஆள் வாசித்ததை நான் ஒரு பழைய கேஸ் பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. புகார் எண் கொடுத்தார்கள். அதை வைத்து தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் மிச்ச விவரங்களையும் ஸ்கிரீன்ஷாட்டையும் ஏற்றினோம். மறுநாள் வங்கிக் கிளையில் எழுத்தில் ஒரு புகார், அதற்குக் கையெழுத்து, சீல் போட்ட நகல்.

கடைசியாகப் போன முப்பத்தைந்தாயிரம் அவன் கணக்கிலேயே முடக்கப்பட்டது. அதைத் திரும்ப வாங்க நீதிமன்ற உத்தரவு வரை போக வேண்டியிருந்தது, சில மாதம் ஆனது. முதலில் போன இருபத்தைந்தாயிரம் இன்னும் வரவில்லை. நெல் பணம் மூன்றாம் நாள் வந்து, நிறுத்தி வைத்த அதே கணக்கில் பத்திரமாக விழுந்தது. பணம் உள்ளே வருவதற்குத் தடையில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெட்கப்பட்டு ஒரு நாள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த முப்பத்தைந்தாயிரமும் போயிருக்கும்.

அப்புறம் போன். முழுக்க ரீசெட் செய்தோம். வேறு போனிலிருந்து நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் யுபிஐ பின்னையும் மாற்றி, கார்டையும் புதிதாக வாங்கினோம். சிம்மைத் திரும்பப் போட்டதும் ##002# அழுத்தினோம், அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பி விட்டிருந்தால் அது ரத்தாகிவிடும்.

முக்கியமான வேலை ஒன்று உண்டு. செட்டிங்ஸில் "அறியப்படாத ஆப்களை நிறுவுதல்" என்று ஓர் இடம் இருக்கும், ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மூலையில். அதற்குள் போனால் வாட்ஸ்அப், குரோம் என்று வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் "அனுமதி இல்லை" ஆக்குங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே, அதாவது ஆப்பை நிறுவும் ஃபைல், உள்ளே நுழைவது இந்த வழியாகத்தான். கூகுள் மெசேஜஸ் ஆப்பில் ஸ்பேம் பாதுகாப்பையும் போட்டுவிட்டேன். விளம்பர மெசேஜை நிறுத்த 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பினோம். அதன்பிறகு குப்பை நன்றாகவே குறைந்தது, வங்கி மெசேஜ் வழக்கம்போல வருகிறது.

எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்கவும் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். 2025-இல் வந்த ஏற்பாடு இது: பி (P) என்றால் விளம்பரம், எஸ் (S) சேவை, டி (T) பரிவர்த்தனை, ஜி (G) அரசு. வங்கி பெயரைச் சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் தொடுவதே இல்லை. எழுத்து சரியாக இருந்தாலும் லிங்க்கை அழுத்தாமல் கிளைக்கே போய்க் கேட்டுவிடுகிறார். பணம் போகாமல் சந்தேகம் மட்டும் என்றால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் நான் புகார் போடுகிறேன்.

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் கொள்முதல் நிலையத்தில் பணத்துக்குக் காத்திருப்பவர்களின் போனை வாங்கி அந்த ஒரு செட்டிங்கைப் பார்க்கிறேன். இதுவரை பதினேழு போன். அதில் ஐந்தில் வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதி திறந்தே கிடந்தது.