இரண்டு ஊசிகளும் ஓர் இலக்கமும்

எங்கள் வளவில் கொரோனா ஊசிக்கு எதிராக முதலில் கொடி பிடித்தது அக்கா அல்ல, கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் என் மகள்.

அக்காவுக்கு அப்போது 78 வயது, எனக்கு 69. யாழ்ப்பாணத்தில், வலிகாமத்து ஒழுங்கை ஒன்றில், ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். நடுவில் பங்குக் கிணறு. அத்தான் போய்ப் பத்து வருடம். என் மனைவி அதற்கும் முன்னரே போய்விட்டாள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. கொரோனாக் காலத்தில் எனக்கு அக்கா காவல், அக்காவுக்கு நான் காவல்.

2021 மே 21 முதல் ஒரு மாதம் நாடு முழுவதும் பயணத் தடை போட்டிருந்தார்கள். அதற்கு நடுவே 30ஆம் திகதி, யாழ் மாவட்டத்துக்கென்று வந்த 50,000 சீனாவின் சினோபாம் ஊசிகளைச் சில கிராம சேவையாளர் பிரிவுகளில் போடத் தொடங்கினார்கள். எங்கள் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. அக்கா கவலைப்பட்டார். "நல்ல காலம்" என்றாள் மகள்.

அவள் சொன்ன காரணம் இதுதான்: சீனாவின் ஊசியைக் கனடா ஏற்காது, போட்டுவிட்டால் பிறகு இங்கே வர முடியாது, பைசர் வரும்வரை பொறுத்திருங்கள். லண்டனில் இருக்கும் அக்காவின் மகனும் அதையே சொன்னான், ஆனால் அவன் கொவிஷீல்ட் கட்சி. இந்தியா ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால், கொவிஷீல்டின் முதல் ஊசியைப் போட்டவர்களே இரண்டாவது கிடைக்காமல் அல்லாடிய நேரம் அது. இல்லாத ஊசிக்காக இருக்கிற ஊசியை விடச் சொல்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. எங்கள் குடும்ப வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஐயா, பைசர் வரும்வரை கிருமி உங்கள் படலையில் காத்துக்கொண்டு நிற்குமா?" என்றார். மே மாத ஆரம்பத்திலேயே உலக சுகாதார நிறுவனம் சினோபாமை அவசரப் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டுவிட்டதையும், அது உயிரற்றதாக்கிய வைரஸைக் கொண்டு செய்யும் பழைய முறை ஊசி என்பதையும் அவர்தான் விளக்கினார்.

அக்காவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. சட்டைக் கையை உயர்த்தி, சிறுவயதில் அம்மைப்பால் குத்திய வடுவைக் காட்டினார். "இதைக் குத்தும்போது எந்த நாட்டுப் பால் என்று அம்மா கேட்டவவா?" என்றார்.

யூலையில் எங்கள் முறை வந்தது. விதானையார், அதாவது கிராம சேவையாளர், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கை ஒழுங்கையாக அறிவித்தார். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, தொலைபேசி இலக்கம், இவ்வளவும் கொண்டு காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும்.

நான் முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்தவன். மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற காலங்களில் அந்த வரிசைகளை ஒழுங்குபடுத்தியவன். ஆகவே எட்டு மணி என்றால் ஆறரைக்கு நிற்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். குடை, தண்ணீர்ப் போத்தல், அக்காவுக்கு மடிக்கும் கதிரை, எல்லாம் எடுத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன் அறுபது பேராவது நின்றார்கள். சங்கக்கடை வாடிக்கையாளர்களும் என்னிடம் பாடம் படித்திருக்கிறார்கள்.

வாசலில் இரண்டு இராணுவத்தினர் நின்றார்கள். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அக்கா கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். சீருடையைக் கண்டால் அட்டையை எடுக்கும் பழக்கம் எங்கள் கைகளை விட்டு இன்னும் போகவில்லை. அவர்களில் ஒருவன் தலையை ஆட்டி, உள்ளே போகும்படி கையைக் காட்டினான்.

ஒன்பதரை மணியளவில், மாமர நிழலில் கதிரையில் இருந்த அக்காவின் முகம் வெளிறியது. நெற்றியெல்லாம் வியர்வை. "தம்பி, கண் இருட்டுகிறது" என்றார். பிடிப்பதற்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். ஒரு தாதி ஓடி வந்து விரலில் குத்திச் சீனி பார்த்தார். மிகவும் குறைந்திருந்தது. பிறகுதான் விடயம் வெளிவந்தது. அக்காவுக்குச் சலரோகம் இருக்கிறது. கிளினிக்குக்கு இரத்தம் கொடுக்கப் போகும் நாட்களில் வெறும் வயிற்றோடு போவது அவருடைய பல வருடப் பழக்கம். கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னதும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார்!

யாரோ சீனி போட்ட வெறுந்தேநீர் கொண்டுவந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை இரண்டு ரொபி தந்தாள். கால் மணி நேரத்தில் அக்கா தெளிந்துவிட்டார். ஆனால் அதற்குள் வரிசையின் வால்வரை செய்தி போய்விட்டது: "ஊசி போட்ட அம்மா ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார்." இன்னும் ஊசியே போடவில்லை என்று நான் கத்திச் சொன்னேன். என் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது கேட்டது. வரிசையை விட்டு இரண்டு மூன்று பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்கள் பிறகு வந்து போட்டார்களா என்பதை நினைத்து நான் பல நாள் கவலைப்பட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு வயதானவர்களை ஊசிக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: சாப்பிடக் கொடுத்துக் கூட்டிப்போங்கள். வழமையான மாத்திரைகளை நிறுத்தவேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவராக இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இன்னொன்று, சட்டை. அக்கா கோயிலுக்குப் போவதுபோலக் கைகளை இறுக்கிப் பிடிக்கும் சட்டையும் சேலையுமாக வெளிக்கிட்டிருந்தார். அந்தக் கையை மேலே ஏற்றவே முடியவில்லை. கடைசியில் ஒரு துணியால் மறைத்துத் தோள்பக்கத்துக் கொக்கிகளைக் கழற்றவேண்டியதாயிற்று. ஊசி போட ஒரு வினாடி, சட்டைக்குப் பத்து நிமிடம்.

அதற்கு முன் பதிவு மேசை. அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்து ஒரு தம்பி கொப்பியிலும் ஊசி அட்டையிலும் எழுதினார். நான் அக்கா இனியும் விழுந்துவிடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் கூப்பன் அட்டைகளின் இலக்கம் சரிபார்த்தவன், அன்றைக்கு என் சொந்த அக்காவின் இலக்கத்தைப் பார்க்கவில்லை. இதற்கான தண்டனை பின்னால் வருகிறது.

ஊசி போட்ட பின் அரை மணி நேரம் ஒரு வகுப்பறையில் இருக்கச் சொன்னார்கள். கரும்பலகையில் யாரோ பல மாதங்களுக்கு முன் எழுதிய கணக்கு அழியாமல் இருந்தது. அன்றிரவு எனக்குக் கை கனத்தது, உடம்பு சற்று உளைந்தது. இரண்டு பனடோலோடு போய்விட்டது. அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில் மகள் அழைத்தாள். "மாமி ஊசி போட்டு மயங்கி ஆஸ்பத்திரியில் என்று கேள்விப்பட்டேன், ஏன் எனக்கு மறைத்தீர்கள்?" ஸ்காபரோவுக்குச் செய்தி என்னை முந்திப் போயிருந்தது. அக்கா கிணற்றடியில் நின்று மல்லித்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பதைக் கைத்தொலைபேசியில் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

இரண்டாவது ஊசி நான்கு வாரம் கழித்து, ஆகஸ்டில். அந்த முறை அக்கா இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, தளர்ந்த கை வைத்த சட்டையோடு வந்தார். சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்லவேண்டியது அதற்குப் பிந்திய வாரங்களைப் பற்றி. ஆகஸ்ட் 20ஆம் திகதி தனிமைப்படுத்தல் ஊரடங்கு அறிவித்தார்கள். ஒக்டோபர் முதலாம் திகதிதான் எடுத்தார்கள். டெல்டா வகைக் கிருமி பரவிய அந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவரின் செய்தி வந்தது. கோம்பயன்மணல் மின்தகன மேடைக்குப் போகும் வாகனங்களைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். என்னோடு சங்கக்கடையில் கணக்கெழுதிய ஒருவர், 71 வயது, பைசருக்காகக் காத்திருந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்தாம் நாள் போய்விட்டார். அவருடைய பிள்ளைகளும் கனடாவில்தான். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை, போகவும் முடியாது. வீட்டுக்கு உடலே வரவில்லை. எட்டுக்கும் அந்தியேட்டிக்கும் ஆட்கள் இல்லாமல் செய்ததாகப் பிறகு சொன்னார்கள். அன்றைக்கு மகளோடு கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவள் பிழை இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஊரடங்கு எடுத்தபின் நடந்ததுதான் நான் எதிர்பாராதது. அக்கா வெளியே வரமாட்டேன் என்றார். ஊசிக்கு முன் என்னைவிடத் துணிச்சலாக இருந்தவர் அவர். இப்போது படலைக்குச் சங்கிலி போட்டார். மீன்காரரிடம் வேலிக்கு மேலால் கடகத்தை நீட்டி வாங்கினார். "இரண்டு ஊசியும் போட்டாயிற்றே, அக்கா" என்றால், "கணக்கெழுதியவரின் வீட்டில் கேட்டுப் பார்" என்பார். அவர் ஊசி போடவில்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. நடக்காமல் இருந்து இருந்து கால்கள் மெலிந்துவிட்டன. கிணற்றடிக்குப் போகவே சுவரைப் பிடித்தார். இதற்கு எந்த வைத்தியமும் சொல்லத் தெரியாமல், மாலையில் ஒழுங்கை முனைவரை என்னோடு நடந்து வந்தால் ஒரு ரொபி என்று பந்தயம் வைத்தேன். சலரோகக்காரருக்கு ரொபி! ஆனால் வந்தார். பத்து நாளில் பிள்ளையார் கோயில்வரை வந்தோம்.

அப்போதுதான் லண்டனிலிருந்து பேத்தியின் கல்யாணச் செய்தி வந்தது. நவம்பரில் பிரித்தானியாவும், அதே மாதக் கடைசியில் கனடாவும் சினோபாம் போட்டவர்களை ஏற்கத் தொடங்கிவிட்டன. எங்களைப் பொறுத்திருக்கச் சொன்ன இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. பயணத்துக்குக் கையால் எழுதிய அட்டை போதாது, கணினிச் சான்றிதழ் எடுக்கவேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெடியன் விண்ணப்பத்தை நிரப்பினான். தரவுகள் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி நிரப்பினான். மறுபடியும் அதுவே.

ஒரு பணிமனைக்குப் போனோம். அங்கிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே பொறுப்பானவர் விடுமுறை. மூன்றாம் தடவை போனபோது ஒரு பெண் உத்தியோகத்தர் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஐயா, இந்த இலக்கத்துக்கு உரியவர் ஆண் அல்லவா?"

பழைய அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். அக்கா யூலைக் கடைசியில் பிறந்தவர். எனவே அந்த மூன்று இலக்கங்களும் 7இல் தொடங்கவேண்டும். பதிவு மேசைத் தம்பி அந்த 7ஐ 1 என்று எழுதிவிட்டார். ஒரு கோட்டைப் போடாமல் விட்டதால் அக்கா ஆறு மாதமாக அரசாங்கத்தின் கணினியில், ஏப்ரலில் பிறந்த ஓர் ஆணாக இருந்திருக்கிறார். அக்காவுக்கு இதைச் சொன்னபோது, பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். "அதுதான் எனக்குக் காய்ச்சல் வரவில்லை" என்றார்.

திருத்துவதற்கு ஊசி அட்டையின் பிரதி, அடையாள அட்டையின் பிரதி, ஒரு கடிதம், அதன்பின் மூன்று வாரம். ஆகவே மேசையை விட்டு எழும்புமுன் ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பாருங்கள். கடவுச்சீட்டில் முழுப்பெயர் இருந்தால் அட்டையிலும் முழுப்பெயரையே எழுதச் சொல்லுங்கள். 2022 சனவரியில் மூன்றாவது ஊசி போட்டபோது, பைசர்தான், நான் மேசைக்கு மேலால் அரைவாசி உடம்பை வளைத்து நின்று பார்த்தேன். எழுதிய பிள்ளைக்குக் கோபம். பரவாயில்லை.

பெப்ரவரியில் எனக்குக் கொரோனா வந்தது. தொண்டை நோவும் இரண்டு நாள் காய்ச்சலும். அக்கா தன் வீட்டிலிருந்து கிணற்றுக் கட்டில் கஞ்சி வைத்துவிட்டுப் போனார். நான் போய் எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தொற்றவில்லை.

சான்றிதழ் மார்ச் முதல் வாரத்தில் கைக்கு வந்தது. மார்ச் 18இல் பிரித்தானியா எல்லாப் பயணக் கட்டுப்பாடுகளையும் எடுத்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் அக்கா புறப்பட்டார். டீசல் வரிசைகளின் காலம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் பிடித்தது தனிக் கதை. அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். தேவையில்லை என்று மகன் சொல்லியிருந்தான். இரண்டு நாள் கழித்து அக்கா அழைத்தார். கல்யாண வீட்டுச் சத்தம் பின்னால் கேட்டது.

"தம்பி, ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பிறகு நானே எடுத்துக் காட்டினேன். அந்த வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டாள். இலக்கத்தை அவள் பார்க்கவே இல்லை."