விக்டோரியா சந்தையில் மீன் தலையும் மாம்பழப் பெட்டியும்

மெல்போர்னுக்குப் புதிதாக வரும் நம்மவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: குயின் விக்டோரியா சந்தைக்குத் திங்களும் புதனும் போகாதீர்கள், மூடியிருக்கும். நல்ல மீன் வேண்டுமென்றால் வியாழனோ வெள்ளியோ காலையில் போங்கள். காசு மிச்சமாக வேண்டுமென்றால் ஞாயிறு பிற்பகல். இரண்டும் ஒரே நாளில் நடக்காது.

1878இல் திறந்த சந்தை இது. இலவச ட்ராம் எல்லைக்குள் இருப்பதால் நகருக்குள்ளிருந்து டிக்கெட் இல்லாமலே போய்வரலாம். கறி, மீன், பால் பொருள்களுக்குத் தனித்தனிக் கட்டடங்கள். காய்கறிக்கு நீளமான திறந்த கொட்டகைகள். ஜூலை மாதக் குளிர்காற்று அந்தக் கொட்டகைக்குள் புகுந்து புறப்படும்போது வெண்டைக்காயாவது ஒன்றாவது என்று தோன்றும்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் பேரம் பேசி வளர்ந்தவர்களுக்கு இங்கே வாய்க்கு வேலை குறைவு. அட்டையில் எழுதியிருப்பதுதான் விலை. ஆனால் அந்த அட்டை கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை கட்டும் நேரம் நெருங்க நெருங்க கூச்சல் ஏறும், விலை இறங்கும். மறுநாள் விடுமுறை, சரக்கை வைத்து என்ன செய்வது? தக்காளி, கத்தரிக்காய், குடைமிளகாய் எல்லாம் கூறு கட்டியதுபோல் பைகளில் வந்துவிடும், பை இவ்வளவு டாலர் என்று. எடை கேட்கக் கூடாது, பொறுக்கவும் கூடாது. அடியில் நாலு தக்காளி நசுங்கித்தான் இருக்கும். அன்று இரவே தொக்கு வைத்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மீன் கூடம். பாராமுண்டி என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அது நம் கொடுவாதான். ஸ்பானிஷ் மேக்கரல் என்று எழுதியிருந்தால் வஞ்சிரம். மத்திக்கு உறவுக்காரன் ஒன்று சார்டின் என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும். நன்கு அலசி, மஞ்சள் மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் வேறுபாடு தெரியாது. இங்குள்ளவர்களில் பலர் முள் நீக்கிய சதைத் துண்டைத்தான் வாங்குகிறார்கள். அதனால் நமக்கு ஒரு லாபம்: சால்மன் தலையும் ஸ்னாப்பர் தலையும் அடிமாட்டு விலைக்கு வரும். தலைக்கு வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் சீனர்களும் வியட்நாமியர்களும் நாமும். முழு மீன் வாங்கினால் செதில் சீவிக் குடல் எடுத்துத் தருவார்கள். ஆனால் குழம்புக்கு என்றால் குறுக்கே துண்டு போடும்படி கையால் காட்டிச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் சதையைத் தனியே உரித்துவிடுவார்கள்.

இந்தச் சந்தையின் ஒரு பகுதி நகரத்தின் முதல் அதிகாரபூர்வ இடுகாட்டின்மேல் நிற்கிறது. சிலருடைய எச்சங்களை 1920களில் தோண்டி வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 9,000 பேர் இன்னும் கார் நிறுத்தும் இடத்துக்கும் கொட்டகைகளுக்கும் கீழேதான் இருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கிய மீனை அடுப்பில் ஏற்ற விட்டிருக்க மாட்டார்.

கங்காரு பொம்மையும் தொப்பியும் விற்கும் வரிசைகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1950 முதல் ஜாம் டோனட் விற்றுவரும் வண்டியை மட்டும் கடக்க முடியாது. சுடச்சுடக் கடித்தால் உள்ளே இருக்கும் ஜாம் நாக்கைச் சுட்டுவிடும், கொஞ்சம் ஆறவிடுங்கள்.

முருங்கைக்காய், கறிவேப்பிலை, இதயம் நல்லெண்ணெய்க்கெல்லாம் புறநகரான டாண்டினாங் பக்கம் நம் கடைகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே இதைவிடப் பெரிய பட்டியலோடு போவோம்.

அப்புறம் மாம்பழம். இங்கே கோடை டிசம்பரில் என்பதால் மாம்பழக் காலமும் அப்போதுதான். கென்சிங்டன் பிரைட் என்ற வகையைப் பெட்டியோடு வாங்குங்கள், உதிரியாக வாங்கினால் கட்டாது. குயின்ஸ்லாந்தின் போவன் ஊரில் வேர்பிடித்த வகை அது. இந்தியாவுக்குக் குதிரை ஏற்றிப்போன கப்பல்கள் திரும்பும்போது வந்த கொட்டை என்பார்கள். வாசனை உண்டு, நார் கொஞ்சம், இனிப்போடு லேசான புளிப்பும் இருக்கும். பங்கனப்பள்ளிக்கு ஈடாகாது என்று என் மனைவி ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டே இரண்டாவது பெட்டியைத் திறக்கிறாள்.