வயல்நீரில் விழும் யூரியா

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்) இருந்தாலும், நீர் தேங்கிய நெல் வயலில் அதைத் தூவும்போது பெரும்பாலும் பாதிக்கும் குறைவான பங்கே பயிருக்குச் சேர்கிறது. எத்தனை மூட்டை போட்டோம் என்பதைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். உரம் போடும் வேளையில் வயலில் எவ்வளவு நீர் நின்றது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

நீரில் கரைந்த யூரியாவை யூரியேஸ் என்னும் நொதி சில நாட்களுக்குள் அம்மோனியமாகவும் கார்பனேட்டாகவும் சிதைக்கிறது. வயல்நீரில் வளரும் பாசி பகலில் ஒளிச்சேர்க்கைக்காகக் கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால், காலையில் நடுநிலையை ஒட்டியிருக்கும் நீரின் பி.எச். (அமில-காரத்தன்மை) அளவு நண்பகலில் 9-ஐயும் தாண்டக்கூடும். இரவில் பாசியும் மற்ற உயிரிகளும் சுவாசித்து அவ்வாயுவை மீண்டும் வெளிவிடும்போது அது இறங்கிவிடும். பி.எச். ஏற ஏற, நீரிலுள்ள அம்மோனியத்தில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாக மாறுகிறது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருக்கையில் இரண்டும் சேர்ந்த மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத அம்மோனியா, 8-இல் ஏறத்தாழ 5 விழுக்காடாகவும் 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகவும் பெருகுகிறது. வெயிலும் காற்றும் சேர்ந்துகொண்டால் அது காற்றோடு போய்விடும். இடப்பட்ட உரமே பாசிக்கும் உணவாகி, தன் இழப்பைத் தானே விரைவுபடுத்துவது இதில் வேடிக்கை.

மண்ணுக்குள் நடப்பது வேறு. நீருக்குக் கீழே சில மில்லிமீட்டர் தடிப்புள்ள மேற்படலத்தில் மட்டுமே உயிர்வளி இருக்கும். அதற்கடியில் உள்ள சேற்றில் அது இராது. களிமண் துகள்கள் பற்றிக்கொள்ளும் அம்மோனியம் அந்த அடிச்சேற்றில் நிலையாக இருக்கும். மேற்படலத்திலோ, நெல் தன் தண்டின் காற்றறைகள் வழியே உயிர்வளியைக் கொண்டுவந்து கசியவிடும் வேரின் ஓரத்திலோ நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றினால், அந்த நைட்ரேட் உயிர்வளியற்ற பகுதிக்கு நகர்ந்து, அங்கே நைட்ரஜன் வாயுவாகவும் ஓரளவு நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேறிவிடும். நைட்ரேட் வகை உரங்கள் நெல்லுக்கு அடியுரமாக உகந்தவையல்ல என்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவே அடியுரத்தை நீரை வடித்துவிட்டுச் சேற்றோடு கலப்பதும், பெரிய உருண்டைகளாக அழுத்திய குண்டு யூரியாவை 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைப்பதும் அம்மோனியத்தை அது தங்கக்கூடிய இடத்திலேயே வைக்கும் வழிகள். மேலுரத்துக்கு, நீர் வற்றிய வயலில் யூரியாவைத் தூவி உடனே நீர் பாய்ச்சினால், மின்னேற்றமற்ற யூரியா மூலக்கூறு மண்ணில் ஒட்டாமல் நீரோடு கீழே இறங்கும். பயிர் நன்கு தூர் கட்டிப் படர்ந்திருந்தால், நிழலில் பாசியும் குறையும். மண்ணின் மேற்பரப்பில் பரவிய வேர்களும் உரத்தை விரைவில் எடுத்துக்கொள்ளும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறை நீரை மிச்சப்படுத்துகிறது. மீத்தேன் வெளியேற்றத்தையும் குறைக்கிறது. ஆனால் வயல் காயும் ஒவ்வொரு முறையும் நைட்ரேட் உருவாகி, மீண்டும் நீர் கட்டும்போது அது வாயுவாக வெளியேற இடமுண்டு என்பதால், காய்ச்சலைத் தேவைக்கு மேல் நீட்டக் கூடாது. வேம்பு பூசிய யூரியா இந்த நைட்ரேட் மாற்றத்தைத் தாமதப்படுத்த உதவும். நண்பகல் நீரிலிருந்து அம்மோனியா ஆவியாவதைத் தடுக்க அந்தப் பூச்சை மட்டும் நம்ப முடியாது. அதற்கு உரத்தை நீருக்கடியில் சேர்ப்பதோ, யூரியேஸ் நொதியைத் தடுக்கும் பொருள் கலந்த யூரியாவைப் பயன்படுத்துவதோதான் வழி.